கார்டிலாவும் மேஸ்திரியும்

1554-இல் லிஸ்பனில் அச்சான 'கார்டிலா' பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள்: அச்சேறிய முதல் தமிழ் நூல். பெருமைதான். ஆனா 'கார்டிலா' என்ற போர்ச்சுகீசியச் சொல்லுக்கு அரிச்சுவடி, பாலபாடம் என்றுதான் அர்த்தம். பாலபாடமாக அது எப்படி என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கேட்டுப் பார்ப்போம்.

வின்சென்ட் டி நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா டா குருஸ் என்ற மூன்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் சேர்ந்து செய்த நூல் இது. ஜெபங்கள், விசுவாசப் பிரமாணம், கட்டளைகள். தமிழ் ரோமன் எழுத்தில் இருக்கும், கூடவே சொல்லுக்குச் சொல் போர்ச்சுகீசியம். இந்த அமைப்பு நல்ல யோசனை. இரண்டு மொழியிலும் சொற்கள் எப்படி இடம் மாறி உட்காருகின்றன என்பது கண்ணுக்கு நேராகவே தெரியும்.

குறைகள் இரண்டு. ஒன்று, தமிழ் எழுத்தே இல்லாததால் தமிழ்ப் பிள்ளை அதைக் கையில் எடுத்துப் படிக்க முடியாது. இதை ஹென்றிக் ஹென்றிக்ஸ் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' சரிசெய்தது. இரண்டாவது, பிள்ளை தொட்டுப் பார்க்கும் எதுவும் அதில் பாடமாக இல்லை. "ஜெபப் புத்தகத்தில் கொய்யாப்பழமா தேடுறீங்க?" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அதே லிஸ்பனில் 1539-லேயே ஜோவாவ் டி பாரோஸ் எழுத்துக்கு ஒரு படம் போட்டுச் சிறுவர் பாடநூல் வெளியிட்டிருந்தார். பொருளைக் காட்டி மொழி சொல்லித்தரலாம் என்பது தெரியாத ஊர் இல்லை அது.

நூல் விட்டதை வீடும் தோட்டமும் செய்தன. நம்மிடம் தங்கிய போர்ச்சுகீசியச் சொற்களைப் பாருங்கள்: ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, கிராதி, பீப்பாய், பித்தான், துவாலை. எல்லாமே கை படுகிற சாமான்கள். மத வழியில் தங்கியவையும் குருசு, பாதிரி மாதிரி கண்ணால் பார்க்கிறவைதான். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மேஸ்திரி. மூலச்சொல் 'மெஸ்த்ரே', ஆசான் என்று பொருள். அந்தப் பட்டம் நம்மூரில் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, கொத்தனாரிடம் போய்ச் சேர்ந்தது. சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

இது முத்துக்குளித்துறைக் கதை, தென்காசிக்காரனுக்கு என்ன வேலை? குற்றாலத்துத் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, ஹென்றிக்ஸ் தமிழ் படித்த புன்னைக்காயல் பக்கம்தான் கடலில் விழுகிறது. சொற்கள் எதிர்த்திசையில் ஏறி வந்தன. சீசனில் குற்றாலத்துப் பழக்கடை ஒன்றே போதும், முதல் பாடம் நடத்திவிடலாம். அன்னாசி, கொய்யா, பப்பாளி மூன்றும் போர்ச்சுகீசியர் வழி வந்த பெயர்கள். அவர்களும் அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் வாங்கியவைதான். பக்கத்துக் கூடையில் இருக்கிற மங்குஸ்தான் மலாய்ச் சொல், அதை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. போர்ச்சுகீசியர் இங்கிருந்து கொண்டுபோனதும் உண்டு. மாங்காய் அங்கே 'மாங்கா'. கஞ்சி 'கான்ஜா' ஆகி, இப்போது கோழி சூப்பாக நிற்கிறது. கயிறு 'கைரோ'. பிள்ளைகளைத் தேங்காய் நாரில் கயிறு திரிக்க வைத்தால் கைவேலையும் ஆச்சு, சொல்லும் ஆச்சு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஐம்பது பெயர்ச்சொல் சேர்ந்தால் மொழி ஆகிவிடாது. உண்மை. வினையும் வாக்கிய அமைப்பும் பழத்தட்டில் கிடைக்காது. கார்டிலாவின் சொல்லுக்குச் சொல் முறை இங்கேதான் உதவும். ஒரு கொய்யாவை மேசையில் வைத்துச் சொல்லிப் பாருங்கள்: 'ஆ கொயாபா எஸ்டா நா மேசா'. கொய்யா மேசையில் இருக்கிறது, அவ்ளோதான். இரண்டு சொல் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். புதுசு 'எஸ்டா', அதாவது இருக்கிறது. முன்னால் நிற்கிற 'ஆ' பெண்பால் பெயருக்கு வரும் ஒட்டு, தமிழில் அதற்கு இணை கிடையாது. 'நா' நம்முடைய 'இல்' வேலையைச் செய்கிறது. நமக்குச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவது அங்கே முன்னால் வந்து நிற்கிறது. இலக்கணத்தில் முதல் பெரிய வித்தியாசம் ஒரே ஒரு பழத்தில் முடிந்தது.

ஆகவே கார்டிலாவின் முறையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பாடப்பொருளை மட்டும் தோட்டத்திலிருந்தும் தச்சுப்பட்டறையிலிருந்தும் எடுக்க வேண்டும். போர்ச்சுகீசியம் என்றில்லை, வீட்டில் எந்த மொழி சொல்லித்தந்தாலும் புத்தகம் வாங்குவதற்கு முன்னால், அந்த மொழி ஏற்கெனவே நம் வீட்டுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.