கை வேண்டாக் காலணி

ஒரு பொருளின் சிறப்பை அதன் தோற்றத்தில் காண்பவர் பலர். யாருக்காகப் படைக்கப்பட்டதோ அவருக்கு அஃது உதவுகின்றதா என்று காண்பவர் சிலர். நைக்கி நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கோ ஃபிளைஈஸ்' என்னும் காலணியை இரண்டாம் நோக்கிலேயே மதிப்பிடுதல் வேண்டும்.

பெருமூளை வாதமுற்ற 16 வயது அமெரிக்க இளைஞர் ஒருவர், தம் காலணிக் கயிற்றைத் தாமே கட்ட இயலாமையை 2012-இல் அந்நிறுவனத்திற்கு எழுதினார். அதன் பயனாக, பின்புறம் சுற்றித் திறக்கும் ஜிப்பு வைத்த காலணி 2015-இல் வந்தது. அதற்கும் ஒரு கை வேண்டியிருந்தது. 2021-ஆம் ஆண்டுக் காலணியோ கையையே வேண்டவில்லை. அதன் அடித்தட்டில் ஒரு கீல் உண்டு. சுற்றிலும் இழுத்துப் பிடிக்கும் பட்டை உண்டு. திறந்து நிற்கும் காலணியுள் பாதத்தை நுழைத்துக் குதிகாலை அழுத்தினால் மூடிக்கொள்ளும். கழற்றுவதற்கு, மற்றைக் காலால் அதன் பின்முனையை மிதித்துக் குதிகாலை உயர்த்தினால் போதும்.

இவ்வமைப்பு போற்றத்தக்கதே. எனினும் இரு குறைகள் உள. மற்றைக் காலால் மிதிப்பதற்கு உடல் தள்ளாடாது நிற்றல் வேண்டும். ஒருபுறம் செயலிழந்தார்க்கு அஃது எளிதன்று. இதனினும் பெரிய குறை விற்பனையில் நேர்ந்தது. 120 அமெரிக்க வெள்ளி விலையிட்டு, முதலில் தேர்ந்தெடுத்த உறுப்பினர்க்கு மட்டுமே விற்றனர். வாங்கியோருள் சிலர் மிகுவிலைக்கு மறுவிற்பனை செய்தனர். உடற்குறையுடையார் பலர் கிடைக்காது வருந்தினர்.

கை வேண்டாக் காலணி, வேண்டுவோர் கைக்கு எட்டாக் காலணியாகிவிடின், புனைந்தவர் உழைப்பு பாதிப்பயனே தரும்.