‘மலாயாவின் ஆன்மா’ யாருடையது?

அந்நிய மண் ஒருவனுக்கு எப்பொழுது சொந்த மண்ணாகின்றது? இவ்வினாவுக்கு விடை தேடிய நாவலொன்று, நமது கோலாசிலாங்கூர்த் தோட்ட வாழ்விலிருந்து பிறந்ததென்பதை நம்மவரிற் பலர் அறியார். பிரெஞ்சுக்காரராகிய ஆன்றி ஃபோக்கோனியே எழுதிய ‘மலேசி’ என்பதே அது. 1930-ம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தின் பெரும் பரிசாகிய கோன்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டில் எரிக் சட்டன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, ‘மலாயாவின் ஆன்மா’ என்று பொருள்படும் தலைப்புடன் வெளிவந்தது. அத்தலைப்பையே உரைகல்லாகக் கொண்டு நூலைச் சோதித்துப் பார்ப்போம்.

ஆசிரியர் வேடிக்கை பார்க்க வந்த யாத்திரிகரல்லர். 1905-ம் ஆண்டில் இந்நாடு போந்து, ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் அமைத்தவர். இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில், 1917-ம் ஆண்டில் செம்பனையை வாணிகப் பயிராக நட்டவரும் அவரே. இந்நாட்டின் செம்பனைத் தொழில் அங்கேதான் தொடங்கிற்று. ஆகவே, இம்மண்ணை அறியாது எழுதினார் என்று யாரும் குறை கூறுவதற்கில்லை.

முதல் உலகப் போரில் தான் சந்தித்த ரோலேன் என்னும் தோட்டத்துரையை நாடி மலாயாவுக்கு வரும் லெஸ்கால் என்பவன் கதை சொல்லுகிறான். புதியவனாய் வந்தவனை இந்நாட்டின் காடும் வெயிலும் மழையும் மெல்ல மெல்ல ஆட்கொள்ளுகின்றன. மலாய்ப் பந்துன் பாடல்களை ஆசிரியர் நூலெங்கும் பெய்து வைத்திருக்கிறார். ஆளவந்தோர் எழுதிய நூல்களில் மலிந்து கிடக்கும் இறுமாப்பு இதிற் குறைவு. ஒரு மண்ணை நேசிக்க விரும்புவோன் முதலில் அதன் மொழிக்கு மாணவனாக வேண்டும் என்ற பாடம் இந்நூலில் உண்டு. அது நமக்கும் வேண்டிய பாடமே.

எனினும், விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாகப் பால் வெட்டிய தமிழன் இந்நூலில் எங்கே இருக்கிறான்? அடியோடு இல்லாமலில்லை. ஆனால் வேலையாளாகவும், துரையின் கண்ணுக்கு விந்தையாகத் தோன்றும் உருவமாகவுமே வந்து போகிறான். கதையின் உயிர்முடிச்சோ ஸ்மாயில் என்னும் மலாய் இளைஞனிடத்தில் இருக்கின்றது. அவன் ‘அமோக்’ வெறிகொள்ளும் பகுதியில் ஆசிரியரின் திறமை முழுவதும் வெளிப்படுகின்றது. சிந்தனை துரைக்கு, ஆன்மா மலாய்க்காரனுக்கு, உழைப்பு தமிழனுக்கு என்று பாகப்பிரிவினை செய்தாற்போல் இருக்கிறது இவ்வேற்பாடு.

இக்குறை நேர்ந்ததேன்? மண்ணோடு ஒட்டுவதென்பதை உள்ளத்தின் அனுபவமாக மட்டுமே ஆசிரியர் கண்டார். துரைக்கு அது பொருந்தும். விரும்பி வந்தவர் விரும்பியபோது போகலாம். இந்நாவலை எழுதிய நாளில் ஃபோக்கோனியே வாழ்ந்தது ஆப்பிரிக்காவின் வடகரையிலுள்ள துனீசியாவில். அவருடைய அன்பு பொய்யென்று சொல்லவில்லை. பிரிய இயன்றவனின் அன்பு அது என்கிறோம்.

கங்காணியோடு கப்பலேறி வந்தவனின் நிலை வேறு. அவன் குடியிருந்த லயம் தோட்டத்தாருடையது. வேலை போனால் வீடும் போகும். அந்நிலையிலும் அவன் வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்தான், கோயில் எழுப்பினான், 1923-ம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்டப் பள்ளிகளுக்கு வழிசெய்தபின் தன் பிள்ளையைத் தமிழ் படிக்க அனுப்பினான், பெற்றோரை இம்மண்ணிலேயே புதைத்தான். தென்னமரம் என்ற பெயரையே பாருங்கள்! கம்பெனியின் கணக்கேட்டிலும் ஏறி நின்ற தமிழ்ச்சொல் அது. பரிசு பெற்ற நாவலில் இடம் கிடைக்காதவனுக்கு ஒரு தோட்டத்தின் பெயர்ப்பலகை இடம் கொடுத்தது.

இது பழங்கதையென்று தள்ளிவிட முடியாது. அதே பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் புக்கிட் தாகார், மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி முதலிய தோட்டங்களின் மக்கள், தமக்கென்று ஒரு வீடு வேண்டிப் பல்லாண்டு போராட நேர்ந்தது. கம்போங் குவாந்தானின் மின்மினிகளைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். சில கல் தொலைவிலுள்ள லயங்களை எட்டிப் பார்ப்போர் எத்தனை பேர்? இயற்கையைக் கண்டு உருகி, உழைப்பாளியைக் காணாது போகும் கண் ஃபோக்கோனியேயோடு மறைந்துவிடவில்லை.

நாம் செய்யத்தக்கது யாது? தமிழகத்து அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். தென் சிலாங்கூருக்கு அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ உண்டு. வட சிலாங்கூர்த் தோட்டங்களின் முதியோர் நெஞ்சிலுள்ளவற்றையும் ஆசிரியர்களும் இளைஞர்களும் கேட்டெழுத வேண்டும். எழுதுங்கால், ஃபோக்கோனியே நமக்குச் செய்ததை நாம் பிறர்க்குச் செய்யலாகாது. கம்பத்து மலாய்க்காரனும் கடனுக்கு அரிசி தந்த சீனக் கடைக்காரனும் நம் கதைகளில் வெறும் நிழலாக வந்து போனால், நம் நூலும் அரை நூலே. இம்மண்ணின் ஆன்மா அதில் உழைத்த அனைவரிடத்தும் பரவிக் கிடக்கின்றது. அதை முழுமையாக எழுதிக் காட்டுபவனே இந்நாட்டின் எழுத்தாளன்.