பண் இழந்த பாடல்கள்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் பரப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் எண்ணிக்கையைப் பெருமையோடு சொல்லி வருகிறோம். காப்பியங்கள் இத்தனை, படைப்போர்கள் இத்தனை, கிஸ்ஸாக்களும் நாமாக்களும் மசலாக்களும் முனாஜாத்துகளும் இத்தனை என்று பட்டியல் நீள்கிறது. 1973-ஆம் ஆண்டு திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாட்டுக்குப் பின்னர் இப்பட்டியல் மேலும் செழித்தது. டாக்டர் ம. மு. உவைஸ் போன்ற அறிஞர்களின் உழைப்பால் மறைந்து கிடந்த நூல்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அந்நன்றியை நாம் என்றும் மறப்பதற்கில்லை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. இந்நூல்களுட் பல பாடுவதற்கென்றே யாக்கப்பட்டவை. அவை எவ்வாறு பாடப்பட்டன?

அண்மையில் கோழிக்கோட்டில் இரண்டு நாட்கள் தங்கும் வாய்ப்புக் கிட்டியபோது இக்கேள்வி நம்மை விடாது தொடர்ந்தது.

கோழிக்கோடு சாமூதிரி மன்னர்களின் துறைமுக நகர். அரபு, பாரசீக, சீன, குஜராத்தி வணிகர்கள் கூடிய பேரங்காடி. 14-ஆம் நூற்றாண்டில் வந்த இப்னு பதூதா, மிஸ்கால் என்னும் பெருங்கப்பல் வணிகரை இந்நகரில் கண்டதாக எழுதியுள்ளார். குற்றிச்சிறைக் குளத்தருகே அவர் பெயர் தாங்கி நிற்கும் பள்ளிவாசலுக்கு மினாராக்கள் இல்லை. அடுக்கடுக்கான கூரையும் மரவேலைப்பாடுமே அதன் அழகு. 1510-இல் போர்த்துக்கீசியர் இட்ட தீ அதன் மேல்தளங்களைத் தின்றது. அருகிலுள்ள முச்சுந்திப் பள்ளியின் கல்வெட்டு அரபியிலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பெற்றது. சாமூதிரி அப்பள்ளிக்கு வழங்கிய கொடையைச் சொல்வது. இரண்டு எழுத்துகள் ஒரே கல்லில் வாழ்ந்த அந்நகரின் இலக்கியமும் அப்படித்தான் அமைந்தது.

காஜி முகம்மது அவர்களை எடுத்துக்கொள்வோம். 1571-இல் சாலியம் கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து மீட்ட வெற்றியை ‘ஃபத்ஹுல் முபீன்’ என்னும் அரபுக் கவிதையில் பாடிய பேரறிஞர் அவர். அதே கரம்தான் 1607-இல் ‘முகியித்தீன் மாலை’யை மக்கள் மொழியில் யாத்தது. காலம் தெரிந்த அரபுமலையாள நூல்களுள் இதுவே மிகப் பழமையானது. கற்றோருக்கு ஒரு நூல், வீட்டுக்கு ஒரு பாட்டு என இரண்டையும் அவர் அளித்தார். பாட்டு எழுதுவதால் தம் புலமைக்கு இழுக்கு நேரும் என்று அந்தக் காஜி எண்ணவில்லை.

குற்றிச்சிறையில் ஓர் இல்லத்தில் மஃரிபுத் தொழுகைக்குப் பின் அம்மாலையை மூதாட்டியர் இருவர் பாடக் கேட்டோம். கையில் ஏடில்லை. சொற்களிற் கணிசமானவை தமிழ்ச் சொற்கள். ஆதலின் பொருள் விளங்கிற்று. ஆயினும் நெஞ்சில் தங்கியது ஓசையே. ஒரே மெட்டு ஈரடிக்கு ஈரடி மீண்டும் மீண்டும் வந்து, மனனம் செய்வதற்கு ஏணியாக நின்றது. அந்த மெட்டில்லாமல் அம்மாலை நானூறு ஆண்டுகளைக் கடந்திருக்குமா என்பது ஐயமே. அதன் கருத்துகளில் உடன்படாத ஆலிம்களும் உளர். அவ்விவாதம் மார்க்க அறிஞர்களுக்குரியது. இலக்கிய வரலாற்றில் அதற்குள்ள இடத்தை அவ்விவாதம் அசைக்காது.

மாப்பிள்ளைப் பாட்டின் இலக்கணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. முதலெழுத்து ஒன்றுவதைக் ‘கம்பி’ என்றும், இரண்டாம் எழுத்து ஒன்றுவதைக் ‘கழுத்து’ என்றும், அடியிறுதி ஒன்றுவதை ‘வால்கம்பி’ என்றும் அவர்கள் வழங்குவர். நம் மோனையும் எதுகையும் இயைபுமே அவை. ஆனால் அவர்கள் அங்கே நின்றுவிடவில்லை. மெட்டுக்கு ‘இசல்’ என்று பெயரிட்டு, தொங்கல், கொம்பு, ஒப்பனைச்சாயல், விருத்தம் என வகுத்துக் காத்தனர். கொண்டோட்டி மோயின்குட்டி வைத்தியர் 1872-இல் இயற்றிய ‘பதருல் முனீர் ஹுஸ்னுல் ஜமால்’ காவியத்தை இன்று விமர்சிப்பவர் அதன் இசல்களைப் பேசாமல் பேச முடியாது. யாப்பும் இசலும் அங்கே ஒரே திறனாய்வின் இரு கண்கள்.

நம்மிடமும் குறிப்பு இல்லாமலில்லை. பழைய அச்சுப் பதிப்புகளில் பாடலின் தலைப்பில் இன்ன பாட்டின் ‘வர்ணமெட்டு’ என்று காணலாம். ஆனால் எந்தப் பாட்டின் மெட்டு என்று சுட்டினார்களோ அந்தப் பாட்டையே இன்று பாடுவார் அரிது. பூட்டு இருக்கிறது; திறவுகோல் தொலைந்தது. இப்பாடல்களைப் படித்து, ‘எளிய நடை, கூறியது கூறல் மிகுதி’ என்று தீர்ப்புக் கூறுவோர் உளர். பாடும்போது கூறியது கூறல் குற்றமன்று. அது மூச்சு வாங்கும் இடம். செவிக்காகச் செய்ததைக் கண்ணால் அளந்து குறை காண்பது நீதியாகாது.

கோழிக்கோட்டின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்நகரின் இசை என்றவுடன் எவரும் எம். எஸ். பாபுராஜைச் சொல்கின்றனர். வங்காளத்து இந்துஸ்தானிப் பாடகர் ஜான் முகம்மதின் மைந்தர் அவர். கடைத்தெரு மாடிகளில் ஆர்மோனியத்தோடு விடியும்வரை நீண்ட மெஹ்ஃபில்களில் வளர்ந்த அவ்விசை, வைக்கம் முகம்மது பஷீரின் கதையில் உருவான ‘பார்கவி நிலையம்’ (1964) வழியாகக் கேரளம் முழுவதும் பரவிற்று. 1978-இல் அவர் சென்னையில் வறுமையில் மறைந்தார். இன்று அவர் பெயரில் உருகாதவர் இல்லை. மறைந்த பின் உருகுவது எளிது. வாழும்போது சோறிடுவதே கடமை. இக்குறை அந்நகருக்கு மட்டும் உரியதன்று. நாகூர் ஈ. எம். ஹனீபா அவர்களின் குரல் ஒலிக்காத தமிழ் முஸ்லிம் இல்லம் ஏது? அவர் 2015-இல் மறைந்தார். அவர் பாடிய வரிகளை எழுதிய கவிஞர்களின் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வர்? பாடகரை மேடையிலும் கவிஞரை ஏட்டிலும் பிரித்து வைத்த நம் வழக்கத்தின் விளைவு இது.

2023-இல் யுனெஸ்கோ கோழிக்கோட்டை ‘இலக்கிய நகரம்’ என அறிவித்தது. இசையால் அறியப்பட்ட ஊருக்கு இலக்கியப் பட்டமா என வியப்போர்க்கு, முகியித்தீன் மாலையே விடை. பாட்டு இலக்கியமாகவும் இலக்கியம் பாட்டாகவும் இருந்த ஊர் அது.

காயற்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் அடங்கியுள்ள ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் அரபியில் அருளிய குத்பிய்யத் இன்றும் மலபாரின் இல்லங்களில் ஓதப்படுகிறது. நம் கரையில் பிறந்த பாட்டை அக்கரை ஓசையோடு காக்கிறது. நம் கரை தமிழில் பிறந்தவற்றை என்ன செய்தது? மலபார்க் கோயா குடும்பங்களைப் போலவே காயலிலும் பெண்மக்கள் தாய்வீட்டிலேயே தங்கும் வழக்கம் உண்டு. பாட்டியின் பாட்டு பேத்தியை அடைய வேறென்ன வசதி வேண்டும்?

இனி வரும் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் தேடுவதோடு அமையாது, பாடுவோரையும் தேட வேண்டும். காயலிலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் நாகூரிலும் முனாஜாத்துகளை ஏடின்றிப் பாடும் மூதாட்டியர் சிலரேனும் இருப்பர். அவர்கள் குரலைப் பதிவு செய்வதற்கு இன்று கைப்பேசி ஒன்று போதும், பெரும்பொருள் வேண்டியதில்லை. நூல் கறையானுக்குத் தப்பினால் அடுத்த நூற்றாண்டிலும் அச்சேறலாம். மெட்டு அப்படியன்று, அதற்கு மனித ஆயுளே எல்லை.