மேக்கில் விண்டோஸ் கேம்: கிராஸ்ஓவரை எவ்வளவு நம்பலாம்?

2020 நவம்பரில் எம்1 சிப்புடன் மேக் வந்தபோது, பூட் கேம்ப் வழியாக விண்டோஸை நேரடியாக ஏற்றும் வசதி அந்த மாடல்களில் இல்லாமல் போனது. மேக்ஓஎஸுக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் போட்டால் மேக்ஓஎஸ், விண்டோஸ் இரண்டும் ஒரே மெமரியைப் பங்கு போடுகின்றன. அதனால் கேமுக்கு நான் முதலில் சொல்வது, விண்டோஸ் மென்பொருளை மேக்கில் ஓட்டும் கிராஸ்ஓவரைத்தான். மேக் ஏற்கெனவே கையில் இருப்பவருக்குக் காசு கொடுத்து வாங்கத் தகுந்த மென்பொருள் இது. ஆனால், இது இருக்கிறதே என்று கேம் ஆடுவதற்காகவே மேக் வாங்குவது தவறு.

கிராஸ்ஓவரின் அடித்தளம் 1993இல் தொடங்கிய வைன் என்ற மென்பொருள் திட்டம். விண்டோஸும் வேண்டாம், அதன் லைசென்ஸும் வேண்டாம். ‘பாட்டில்’ எனப்படும் தனி அறை ஒன்றை உருவாக்கி, அதில் ஸ்டீமின் விண்டோஸ் பதிப்பை இன்ஸ்டால் செய்து, டி3டிமெட்டல் என்ற சுவிட்சைப் போட்டால் போதும். விண்டோஸ் அழைப்புகளை வைன் கவனிக்கிறது. இன்டெல் சிப்புக்கான கட்டளைகளை ஆப்பிளின் ரொசெட்டா 2 எம் வரிசை சிப்புக்கு ஏற்றபடி மாற்றுகிறது. டைரக்ட்எக்ஸ் 11, 12 கிராஃபிக்ஸை ஆப்பிளின் டி3டிமெட்டல், மேக்கின் கிராஃபிக்ஸ் அமைப்பான மெட்டலுக்குக் கொண்டுபோகிறது. இத்தனை கை மாறினால் வேகம் என்னாகும் என்ற கேள்வி நியாயமானது. வேகம் குறையத்தான் செய்யும். புதிய இடத்துக்குள் முதன்முறை நுழையும்போது ஷேடர்கள் தயாராகும்வரை படம் திக்கித் திணறும். அதே இடத்துக்குத் திரும்ப வந்தால் பெரும்பாலும் சீராக ஓடும். ரெசல்யூஷனைக் குறைத்துக்கொண்டால், தனியாக ஆடும் கதை கேம்கள் பலவற்றை நிம்மதியாக ஆடலாம். 8 ஜிபி மேக்கில் மட்டும் பெரிய கேம்களை எதிர்பார்க்க வேண்டாம். சிபியு, ஜிபியு இரண்டுக்கும் இருப்பது அந்த மெமரிதான்.

வாலரண்ட் போன்ற ஆன்லைன் போட்டி கேம்களின் கதை வேறு. அவற்றின் ஆன்டி-சீட் மென்பொருள் விண்டோஸ் கெர்னலுக்குள் உட்கார வேண்டும். கிராஸ்ஓவரில் அந்தக் கெர்னலே கிடையாது. எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லை.

சைபர்பங்க் 2077 போன்றவை 2025இல் நேரடியாகவே மேக்குக்கு வந்துவிட்டனவே, பிறகு இது எதற்கு என்பார்கள். உங்கள் ஸ்டீம் லைப்ரரியில் உள்ள பழைய கேம்களுக்கு யாரும் மேக் பதிப்பு எழுதப்போவதில்லை. கிராஸ்ஓவரின் தேவையே அங்கேதான். எனக்குள்ள கவலை ரொசெட்டாவைப் பற்றியது. மேக்ஓஎஸ் 27க்குப் பிறகு அதை முழுமையாகத் தரப்போவதில்லை, பழைய கேம்கள் சிலவற்றுக்காக ஒரு பகுதியை மட்டும் வைத்திருப்போம் என்று ஆப்பிள் 2025இல் அறிவித்துவிட்டது. ஆகவே ஆயுள்கால லைசென்ஸுக்கு இப்போது பணம் போடாதீர்கள். 14 நாள் இலவச டிரையலில் உங்கள் கேமை ஓட்டிப் பாருங்கள். ஓடினால் ஓராண்டுக்கு மட்டும் வாங்குங்கள்.