விளக்கணைத்த அறையில் நிற்பவர்

‘ஐலோ’ என்ற சொல்லை சர்வர் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வோம். எச்.பி. சர்வர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வசதியின் பெயர் அது. விரித்தால் ‘இன்டகிரேட்டட் லைட்ஸ்-அவுட்’. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன் இயந்திரங்களுக்கு வைத்த ‘அலோம்’, ‘ஐலோம்’ என்ற பெயர்களுக்குள்ளும் அதே லைட்ஸ் அவுட்தான். யாரும் உள்ளே வர வேண்டியதில்லை, அதனால் அறையில் விளக்கும் எரிய வேண்டியதில்லை என்பது கருத்து. ஒரு கருவிக்கு அது செய்கிற வேலையை வைத்துப் பெயர் வைப்பதுதான் வழக்கம். இங்கே, அது வந்ததால் தேவைப்படாமல் போன ஆளை வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். சொற்களை நின்று வாசிக்கிற பழக்கம் இருப்பவர்களுக்கு இது கொஞ்சமாவது உறுத்தணும்.

சர்வரின் மதர்போர்டில் இன்னொரு குட்டிக் கணினி உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் தனி பிராசசர், தனி மெமரி, பெரும்பாலும் தனி நெட்வொர்க் போர்ட். பல மாடல்களில் உள்ளே ஓடுவது லினக்ஸ். மின்கம்பியைச் செருகினால் போதும், பெரிய இயந்திரத்தை யாரும் ஆன் செய்யாவிட்டாலும் இது விழித்துக்கொள்ளும். வேறொரு கண்டத்தில் இருக்கும் சர்வரை இதன் வழியாக ஆன் செய்யலாம், அதன் திரையைப் பார்க்கலாம், விசிறி என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று கேட்கலாம், ஆபரேட்டிங் சிஸ்டத்தையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம். இதோடு பேசுவதற்கான பொது மொழியாக 1998-இல் ஐபிஎம்ஐ வந்தது. இன்டெல், டெல், எச்.பி., என்ஈசி நான்கும் சேர்ந்து உருவாக்கியது. 2004-இல் இரண்டாம் பதிப்பு, 2015-இல் அதன் இடத்தைப் பிடிக்க ரெட்ஃபிஷ்.

இவ்வளவு அதிகாரம் உள்ள ஒன்றின் பெயர் ‘பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர்’, சுருக்கமாக பிஎம்சி. கன்ட்ரோலர் என்றதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஏதோ ஒன்று. என் முதல் புகார் இந்தப் போலிப் பணிவின் மேல்தான். கம்ப்யூட்டர் என்று பெயர் இருந்திருந்தால் அதற்கும் யாராவது ஒழுங்காக பேட்ச் போட்டிருப்பார்கள், பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள். டெல் சர்வர்களின் ஐடிராக், தொழிற்சாலையிலிருந்து நெடுங்காலம் ‘கால்வின்’ என்ற பாஸ்வேர்டோடுதான் வந்தது. எல்லா இயந்திரத்துக்கும் அதே, ஊருக்கே தெரியும். ஐபிஎம்ஐ இரண்டாம் பதிப்பு இன்னும் வேடிக்கை. நீ யார் என்று உறுதிப்படுத்திக்கொள்வதற்கு முன்பே, பாஸ்வேர்டைக் கொண்டு கணக்கிட்ட ஒரு ஹாஷைக் கேட்டவர் கையில் கொடுத்துவிடும். அவர் அதை எடுத்துப்போய் நிதானமாக உடைக்கலாம். 2013-இல் இது வெளியே பேசப்பட்டது. கோளாறு எந்த ஒரு நிறுவனத்தின் நிரலிலும் இல்லை, விதிமுறையிலேயே இருந்தது. எனவே பேட்ச் போட்டுத் தீராது. பெயர் மட்டும்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சாதுவான பெயருக்கு யார் பயப்படுவார்கள்?

‘ஆஃப்’ என்ற சொல்லையும் விட முடியாது. சர்வரின் நிலையைக் கேட்டால் ‘சேஸிஸ் பவர் ஆஃப்’ என்று பதில் வரும். யார் சொல்கிறார்கள் இதை? ஐயா தூங்கிட்டார் என்று வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் சொல்வது போல, பிஎம்சி சொல்கிறது. பெட்டி அணைந்ததுதான், பதில் சொன்னது அணையவில்லை. நிறுத்தியாச்சு என்று ரேக்கிலேயே விட்டுவைக்கிற பழைய சர்வர்களில், கம்பியைப் பிடுங்காத வரை ஒன்று விழித்துக்கொண்டே இருக்கிறது.

எல்லாப் பெயரும் மோசமில்லை. எனக்கு மிகவும் பிடித்தது ‘சேஸிஸ் ஐடென்டிஃபை’ என்ற கட்டளை. கொடுத்தால் அந்த சர்வரின் முகப்பில் ஒரு சின்ன விளக்கு, பெரும்பாலும் நீலம், சும்மா விட்டால் பதினைந்து விநாடி மின்னும். ஒரே மாதிரி நூறு பெட்டிகள் அடுக்கியிருக்கும் வரிசையில் ‘நான்தான்’ என்று கை தூக்குவது மாதிரி. ஆனால் யாருக்காக? விளக்கே தேவையில்லாத அறையில், அந்த நீல விளக்கைப் பார்க்க ஒருவர் நின்றாக வேண்டுமே. லைட்ஸ்-அவுட் என்ற பெயர் மறைத்த ஆளை இந்தக் கட்டளை காட்டிக்கொடுத்துவிடுகிறது. ரெட்ஃபிஷில் ‘புஷ் பவர் பட்டன்’ என்றே ஒரு கட்டளை இருக்கிறது. விரலும் இல்லை, அழுத்துதலும் இல்லை, ஆனாலும் அந்த விரலின் ஞாபகத்தை விட முடியவில்லை. அதே பட்டியலில் ‘கிரேஸ்ஃபுல் ஷட்டவுன்’, ‘ஃபோர்ஸ் ஆஃப்’ இரண்டும் அடுத்தடுத்து. ஒன்றில் கேட்டு நிறுத்துகிறோம், மற்றதில் கழுத்தைப் பிடிக்கிறோம். இங்கே பெயர்கள் நேர்மையாக இருக்கின்றன.

‘அவுட்-ஆஃப்-பேண்ட்’ வேறு வகை. டெலிஃபோன் காலத்துச் சொல் அது. அமெரிக்காவின் நெடுந்தூர அழைப்புகளில், பேச்சு போகிற அதே தடத்திலேயே கட்டுப்பாட்டு ஒலியும் போனது. 2600 ஹெர்ட்ஸ் அளவில் விசிலடித்தால் எக்ஸ்சேஞ்சை ஏமாற்றலாம். காலை உணவு டப்பாவில் இலவசமாக வந்த பொம்மை விசிலே போதுமாக இருந்தது. கட்டளைக்கென்று வேறு தடம் வேண்டும் என்ற புத்தி இப்படித்தான் வந்தது. ஆக, இந்தச் சொல் ஒரு வாக்குறுதி: பிரதான வழி அடைபட்டாலும் இந்த வழி திறந்திருக்கும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கினபோது அவர்களின் அவுட்-ஆஃப்-பேண்ட் வழியும் சேர்ந்தே முடங்கியது. பொறியாளர்களை நேரில் அனுப்ப வேண்டியிருந்தது. டேட்டா சென்டருக்குள் யாரும் எளிதில் நுழைய முடியாதபடி கட்டியிருந்ததால் அதற்கும் நேரம் பிடித்தது. கடைசியில் விளக்கணைத்த அறைக்கு மனிதர்களே போனார்கள்.

தமிழில் இதை என்ன சொல்வது? ‘பட்டைக்கு வெளியே’ என்று எழுதினால் இலக்கணம் சரியாக இருக்கும், பொருள் செத்திருக்கும். ‘கொல்லை வழி’ என்று சொல்லிப் பார்த்தேன். தெரு அடைபட்டால் நாம் போகிற வழி, கூடவே திருடனும் வருகிற வழி. அந்த இரண்டாவது அர்த்தம் பிஎம்சிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘லைட்ஸ்-அவுட்’டை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் விளக்கை ‘அணை’ என்று சொல்லாமல் ‘அமர்த்து’ என்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விளக்கேற்ற ஆளில்லாத வீடு என்பது நமக்குத் தொழில்நுட்பச் சாதனை இல்லை, துக்கம். ‘ஆளில்லா விமானம்’ என்று பத்திரிகைகள் எழுதுவதுபோல ‘ஆளில்லா அறை’ என்று சொல்லிவிடலாம். அப்போதுதான், நிஜமாகவே ஆளில்லையா என்று கேட்கவும் முடியும்.

இல்லை என்பதற்கு ஆதாரம் இந்தத் தொழிலின் விலைப்பட்டியலிலேயே இருக்கிறது. இடத்தை வாடகைக்கு விடும் டேட்டா சென்டர்கள் ‘ரிமோட் ஹேண்ட்ஸ்’ என்று ஒரு சேவை விற்கின்றன. நீங்கள் டிக்கெட் போட்டால் அங்கே இருக்கும் டெக்னீஷியன் போய் நீல விளக்கு மின்னும் பெட்டியைத் தேடி, கம்பியைப் பிடுங்கிச் செருகுவார், டிஸ்க்கை மாற்றுவார். நேரக் கணக்கில் பில் வரும். யோசிச்சுப் பாருங்க. இயந்திரத்தின் பக்கத்தில், விசிறி இரைச்சலில், குளிரில் நிற்பவர் அவர். ஆயிரம் மைல் தள்ளி நாற்காலியில் இருப்பது நாம். ஆனால் அகராதிப்படி ‘ரிமோட்’ அவர்தான். அதிலும் ஆள்கூட இல்லை, வெறும் கைகள்.

இதற்கு நம்மிடம் ‘கையாள்’ இருக்கிறது. கையும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார். செய்தித்தாள்கள் ‘ரவுடியின் கையாள்’ என்று எழுதி எழுதி அந்தச் சொல்லைக் கெடுத்து வைத்திருப்பது ஒரு தொல்லை. கட்டட வேலையில் ‘இன்னிக்கு எத்தனை ஆள் வேணும்’ என்று கொத்தனார் கேட்கிற அர்த்தத்தில்தான் நான் சொல்கிறேன்.