தெமோதரையில் ஒரு சுற்று

இலங்கையின் எல்லயிலிருந்து பதுளைக்கு இறங்கும் ரயிலில் ஒன்பது வளைவுப் பாலம் வந்ததும் எல்லாக் கைகளும் ஜன்னலுக்கு வெளியே நீளும். பாலம் அழகுதான். என் மனம் மட்டும் அடுத்து வரும் தெமோதரைக்குக் காத்திருக்கும். நிலையத்தைவிட்டுக் கிளம்பிய வண்டி, குன்றொன்றை நிதானமாகச் சுற்றி இறங்கி, சற்றுமுன் தான் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. தோட்டக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றியதைக் கண்டே, பாதை அமைத்த பொறியாளருக்கு இந்த யோசனை பிறந்ததாம். கதையோ நிஜமோ, எனக்குப் பிடித்திருக்கிறது.

இறங்குகிறோம் என்பதே உடம்புக்குத் தெரியாது. அவ்வளவு இதமான சரிவு. காதுக்குத்தான் தெரியும். வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தை உரசி நீளமாகக் கீச்சிடும், பெட்டிகளின் இணைப்புகள் ஒவ்வொன்றாக முனகும். பிரேக்கின் சூட்டு வாசனையோடு ஈரத் தேயிலையின் பச்சை வாசனையும் உள்ளே வரும். சுரங்கத்துள் குளிர் சட்டென்று முகத்தில் அறையும். சுவரில் பாசி, கசியும் நீர். 1924இல் பதுளையைத் தொட்ட பாதை இது. இன்றும் மழை ஓய்ந்ததும் சல்லிக்கற்களைக் கொத்திச் சரிசெய்யும் தொழிலாளர்களின் பொறுமையில்தான் அந்தச் சரிவு இத்தனை மென்மையாக இருக்கிறது.