பலேர்மோ வெயிலில் 20டபிள்யூ-50

ஜூன் மாத மத்தியானம். பலேர்மோவின் பல்லாரோ சந்தையை ஒட்டிய தெருவில் முன்னால் ஒரு காய்கறி வண்டி, பின்னால் ஹாரன் அடிக்கும் ஸ்கூட்டர்கள். நடுவில், கூரையை மடக்கிய 1972ஆம் ஆண்டு ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் 2000 ஐட்லிங்கில் நிற்கிறது. ஓட்டுகிறவரின் கண் தெருவில் இல்லை. டேஷ்போர்டு நடுவே உள்ள மூன்று சின்ன கேஜ்களில் ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆயில் பிரஷர் ஊசி பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போய்ப் படுத்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எழுகிறது, விட்டால் மறுபடி படுக்கிறது.

காரைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை. 1966இல் ஜெனீவாவில் அறிமுகமானது, பினின்ஃபரினாவின் உடல், 1962 சிசி, இரட்டை கேம் ஷாஃப்ட். பிடித்தவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். பிடிக்காதவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. இங்கே ஆறு வாரம் பரிசோதித்துப் பார்த்தது அதன் வயிற்றுக்குள் ஊற்றிய எண்ணெயை: பழைய வண்டிகளுக்கென்று துத்தநாகச் சேர்மானம் கூட்டி விற்கும் 20டபிள்யூ-50 மினரல் ஆயில்.

அதற்கு முன்பு உள்ளே இருந்தது 5டபிள்யூ-30 முழு சிந்தடிக். ஊரில் ஒரு கராஜ், இதைவிட உசத்தி கிடையாது என்று சொல்லி ஊற்றியது. புது காருக்கு அது உண்மைதான். ஆனால் 30 என்ற எண்ணுக்கு, 100 டிகிரி சூட்டில் பிசுக்கு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரைதான். 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. ஐம்பது வருஷம் ஓடித் தேய்ந்த பேரிங்குகளின் இடைவெளியில் முதலாவது தண்ணீராக வழிந்துவிடும்.

கோளாறைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பலேர்மோவில் குடியேறிய பெரியவர் ஒருவர், கைவேலை தெரிந்தவர், டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே கொண்டுபோனார். "தம்பி, உதை ஒருக்கா மணந்து பாரும்" என்று நீட்டினார். பெட்ரோல் வாடை. கார்புரேட்டர் கூடுதலாகப் பெட்ரோல் விட்டால், எரியாத மிச்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலோடு கலக்கும். ஏற்கெனவே மெல்லிய ஆயில் இன்னும் மெலியும்.

அவர் மூக்கு அப்படிப் பழகியதற்குக் காரணம் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் அரிதாகிப்போனபோது, மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெட்ரோல் காட்டி ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சரியாக எரியாத மண்ணெண்ணெய், ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்கி அதைக் கெடுக்கும். டிப்ஸ்டிக்கை மோந்து பார்ப்பது அங்கே அன்றாட வேலை. அந்தப் பாடம் சிசிலியில் ஒரு இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காருக்கு உதவியது.

முதலில் கார்புரேட்டரைச் சரி செய்தார்கள். பிறகுதான் ஆயில். எஞ்சினைச் சூடாக்கி, அடைப்பானைக் கழற்றினால், கறுத்த ஆயில் கயிறு மாதிரி இறங்காமல் சடசடவென்று கொட்டியது. இந்த வண்டியின் சம்ப் விரல் விரலாக மடிப்பு வார்த்த அலுமினியத் தொட்டி. ஆறு லிட்டருக்கு மேல் கொள்ளும். நாலு லிட்டர் டப்பா ஒன்றோடு வருகிறவர்கள் பாதி வேலையில் கடைக்கு ஓட வேண்டும். புது வாஷர், புது ஃபில்டர், ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு ஆயில் தடவல். வடித்த ஆயில் சேகரிப்பு மையத்துக்குப் போனது. கழிவு ஆயிலைத் திரட்ட இத்தாலியில் 1980களிலிருந்தே தனிக் கூட்டமைப்பு இருப்பதால், சாக்கடையில் ஊற்ற யாருக்கும் சாக்கு கிடையாது.

அடுத்த நாள் அதே பல்லாரோ, அதே மத்தியானம். ஐட்லிங்கில் ஊசி ஒரு பாரில் நின்றது. ஃபோரோ இதாலிகோ கடற்கரைச் சாலைக்கு வந்து வேகமெடுத்ததும் நாலுக்கு ஏறியது. ஆறு வாரமும் அதே கதை. ஒரு ஊசி படுக்காமல் நிற்பதைப் பார்ப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று ஓட்டியவர் நினைத்திருக்கவில்லை. டப்பா விலையின் பாதி அந்த ஒரு காட்சிக்கே தகும்.

ஊசியை மட்டும் நம்பினால் ஏமாறவும் நேரும். பிரஷர் என்பது ஆயில் ஓட்டத்துக்கு எதிரே உள்ள தடையால் எழுவது. ஆயில் கெட்டியாக இருந்தாலே கேஜ் உயரும். ஆகவே ஊசி ஏறிவிட்டது என்பதற்காகத் தேய்ந்த பேரிங் குணமாகிவிடாது. ஆயில் மாற்றியும் ஊசி படுத்தால், எஞ்சினைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது.

இந்த ஆயிலின் உண்மையான பலன் கேஜில் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஆல்ஃபாவின் இந்த எஞ்சினில் கேம்கள், கிண்ணம் கவிழ்த்தது போன்ற டேப்பட்டுகளின் மேல் நேராக உரசிக்கொண்டு சுற்றுகின்றன; நடுவே உருளை எதுவும் இல்லை. அந்த உரசலில் இரும்பைக் காப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு சேர்மானம். அதே பாஸ்பரஸ் புது கார்களின் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரம் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் அதை 0.08 சதவீதத்துக்குள் அடக்கியது. 20டபிள்யூ-50க்கு அந்த வரம்பு பொருந்தாது. கன்வர்ட்டர் இல்லாத 1972 வண்டிக்கு இது வரம். கன்வர்ட்டர் உள்ள வண்டியில் இதை ஊற்றக் கூடாது.

இங்கே ஒரு எரிச்சலைச் சொல்லியே ஆக வேண்டும். 'கிளாசிக்' என்று எழுதிய தகர டப்பாவில் பழைய பந்தயக் கார் படம் இருக்கிறது, பழைய காலத்து எழுத்து இருக்கிறது, விலையும் அதற்கேற்ப இருக்கிறது. துத்தநாகம் எவ்வளவு என்ற எண் மட்டும் இல்லை. அதற்காகத் தொழில்நுட்பத் தாளைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. வாங்குகிறவர் கேட்கும் ஒரே எண்ணை மறைத்துவிட்டுப் படம் காட்டுவது என்ன வியாபாரமோ! சென்னையில் பைக் கடைக்காரரிடம் 20டபிள்யூ-40 என்று கேட்டு, படத்தைப் பார்க்காமல் பாட்டிலை வாங்கி வருகிறவர்களுக்கு இந்தக் கோபம் புரியும்.

ஏற்றத்திலும் சோதித்தாயிற்று. 606 மீட்டர் உயரமுள்ள மோந்தே பெல்லெக்ரீனோவில், சாந்தா ரொசாலியா ஆலயத்துக்குப் பலேர்மோத் தமிழர்கள் நடந்து ஏறுவது வழக்கம். அதே மலைக்கு வளைந்து போகும் சாலையில், இரண்டாம் கியரில், ஊசி அசையவில்லை. அடுத்தது செர்தா. 1906இல் வின்செஞ்சோ ஃப்ளோரியோ தொடங்கிய தார்கா ஃப்ளோரியோ பந்தயத்தின் 72 கிலோமீட்டர் சுற்று அங்கேதான் இருந்தது. 1970இல் லியோ கின்னுனென் ஒரு போர்ஷேயில் அதை 33 நிமிடம் 36 விநாடியில் முடித்தார். ஆனால் ஆல்ஃபாவில் போகிறவருக்கு நினைவில் வருவது நினோ வக்கரெல்லா. பலேர்மோவில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். மூன்று முறை வென்றவர். அதில் 1971, 1975 வெற்றிகள் ஆல்ஃபாவில். அந்தச் சுற்றிலுள்ள கொல்லெசானோ வளைவுகளில் சோதனை வண்டி அவர் வேகத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆயிலும் அதற்காகக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

குறை குளிரில்தான். 20டபிள்யூ கனமானது, உறைபனிக் காலையில் கேம் வரை ஏற நேரமெடுக்கும். பலேர்மோ நகரத்துக் குளிரில் பிரச்சினை இருக்காது. மதோனியே மலையில், பனிச்சறுக்குக்குப் பேர்போன பியானோ பத்தாலியாவில் இரவு நிறுத்திவிட்டு விடிகாலை ஸ்டார்ட் செய்கிறவர்கள் 10டபிள்யூ-50 பார்க்கலாம்.

மொத்தத்தில்: வெயில் ஊரில் ஓடும், கன்வர்ட்டர் இல்லாத பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த 20டபிள்யூ-50 தாராளமாக வாங்கலாம். துத்தநாகம் ஆயிரம் பிபிஎம்முக்குக் குறையாததாகப் பாருங்கள். ஐயாயிரம் கிலோமீட்டருக்கோ வருஷத்துக்கோ ஒரு முறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். கடைக்குக் கிளம்புமுன் டிப்ஸ்டிக்கை உருவி ஒரு தடவை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், முதல் செலவு கார்புரேட்டருக்கு.